ஆறுமணிக்குருவியின் அழிந்த வளையம்

பல் டாக்டருக்கும் எனக்கும் இரண்டு வருஷம் ஓடிய சண்டையை வெளியிலிருந்து பார்த்த யாரும் சண்டை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். கண்டால் சிரித்துக்கொள்வோம். குப்பனூர் வழியாக வரும்போதெல்லாம் அவருடைய மாந்தோப்பில் இறங்கி மோர் குடிக்காமல் நான் மலையேறியதில்லை. ஏற்காடு வந்தால் என் வீட்டில் காப்பி குடிக்காமல் அவரும் இறங்கியதில்லை. ஆனால் எங்கள் கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் நாங்கள் வேலித் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட பங்காளிகள்.

எங்கள் இருவருக்கும் பொதுவான பைத்தியம் ஒன்று உண்டு. பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போட்டு விட்டுவிடுவது. செடிகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையைக் கட்டுவோம். சிக்கிய பறவையைப் பூப்போல எடுத்து, இறக்கையை அளந்து, எடை பார்த்து, எண் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டிக் கையைத் திறந்துவிடுவோம். அதே பறவை பிறகு எங்கே பிடிபட்டாலும், அந்த எண்ணை வைத்து அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். நினைத்தவர்கள் நினைத்தபடி செய்யும் வேலை அல்ல இது. பெர்மிட் வேண்டும். சேர்வராயன் மலையிலும் அடிவாரத்திலுமாக எனக்குத் தெரிந்து அந்த பெர்மிட் வைத்திருப்பது இரண்டு பேர். சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்று வாழவந்திப் பக்கம் குடிவந்த நான் ஒருத்தி. சேலத்தில் பல் பிடுங்கிக்கொண்டு, சனிக்கிழமைகளில் மட்டும் தன் மாந்தோப்பில் வலை கட்டும் டாக்டர் இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கோயில். அன்று பறவைகளுக்கும் பற்களுக்கும் விடுமுறை. "நோயாளிங்கள வாயத் தெறங்கன்னு கெஞ்சோணும் மேடம். பறவைங்க தானாவே தெறந்து கடிச்சுப்போடும், நொம்ப சௌகரியம்" என்பார்.

பறவைக்கு எங்கள் பெர்மிட் எல்லை தெரியாது. மலையில் நான் வளையம் போட்டது மழைக்குப் பிறகு அவர் தோப்பில் திரியும். அவர் போட்டது என் காப்பிச் செடிக்கடியில் வந்து கிளறும். அவர் எழுதியது அவரிடமும் நான் எழுதியது என்னிடமும் இருந்தால், ஆளுக்குப் பாதிக் கதை. இதைத் தீர்க்கத்தான் எங்களுக்கு வளையம் தரும் நிறுவனம் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தது. எல்லாரும் தங்கள் பதிவுகளை அதில் ஏற்ற வேண்டும். கூட வேலை செய்பவருக்கு அதன் வழியே ஓர் அழைப்பு அனுப்பி, அவர் ஏற்றுக்கொண்டால் இருவர் பதிவும் இருவருக்கும் தெரியும். நான் முதல் நாளே ஆர்வத்தோடு டாக்டருக்கு அழைப்பு அனுப்பினேன். பதில் இல்லை. மறுநாள் அவரிடமிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. அது ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தன்னுடைய அனுமதியின் கீழ் உதவியாளராகச் சேர உங்களை இவர் அழைக்கிறார். ஏற்கிறீர்களா?"

எனக்குப் பொதுவாகவே மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று அது உச்சந்தலைக்குப் போய்விட்டது. உதவியாளரா? நானா? அவர் பால்பல்லைப் பிடுங்கிப் பழகிக்கொண்டிருந்த காலத்தில் நான் வலை கட்டிக்கொண்டிருந்தவள்! ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டு, இரண்டு தட்டு வாழைக்காய் பஜ்ஜி போட்டுத் தனியாகத் தின்றேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என் கௌரவம் என்னாவது?

ஆனால் கொடுக்கல் வாங்கல் மட்டும் நிற்கவே இல்லை. மலையில் உறைமோர் தீர்ந்தால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கி ஊற்றிக்கொள்வதில்லையா, வளையங்களையும் நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம். வளையங்கள் எண் வரிசைப்படி கம்பியில் கோத்துச் சரமாக வரும். ஒவ்வொரு சரமும் ஒரு பெர்மிட்டின் பெயருக்கு உரியது. பறவையின் காலுக்கேற்ற அளவு தீர்ந்துபோனால் புதிய சரம் வந்து சேர மாதக்கணக்காகும். பறவை அதுவரை காத்திருக்குமா? "டாக்டர், அந்த அளவுல கொஞ்சம் இருக்குங்களா?" என்று கேட்பேன். அவர் தன் சரத்திலிருந்து கொஞ்சம் கழற்றிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். மிச்சத்தை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மென்பொருள் வருவதற்கு முந்தைய குளிர்காலத்தில் அப்படி வாங்கியதில் ஒன்றைத்தான் ஆறுமணிக்குருவிக்குப் போட்டேன். மற்றவற்றை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

ஆறுமணிக்குருவியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வடக்கே காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கும் சமயம் தெற்கே வரும் பறவை. முதுகு பச்சை, வயிற்றடி சிவப்பு, தோளில் ஒரு நீலத் துணுக்கு, கண்ணைச் சுற்றித் தடித்த மை. இவ்வளவு அலங்காரத்தையும் செய்துகொண்டு, யாருக்கும் காட்டாமல் சருகுக்குள் நடந்து புழு தின்னும். விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும். அதனால்தான் இந்தப் பெயர். நான் வலை கட்டும் எஸ்டேட்டில் ஓடையோரமாக ஒரு சமதரை இருக்கிறது. ஓர் அத்திமரம், அதன் கீழே புதர், மட்கிய இலை. அந்த மரத்தடியில் பிடித்துத்தான் அதற்கு வளையம் போட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அங்கிருந்துதான் விசில் வந்தது. அதே குருவி என்று என் மனசு சொன்னது. வலையில் மட்டும் அது விழவில்லை.

எஸ்டேட்காரர் சேலத்தில் இருப்பவர், ஞாயிறுதோறும் மேலே வருவார். நல்ல மனுஷர். எனக்கு வலை கட்ட இடம் கொடுத்ததோடு, என் கோபத்தையும் சிரித்தபடி தாங்குபவர். போன வருஷம் ஐப்பசி மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னிடம் சொன்னார், ஓடையோரச் சமதரையில் காப்பி உலர்த்தப் புதுக்களம் போடப்போவதாக.

"அங்க ஆறுமணிக்குருவி இருக்குதுங்க தம்பி" என்றேன்.

"ஏனுங்க மேடம், எஸ்டேட்டுல வேற எடமா இல்ல? நகந்து உக்காந்துக்கும். ஒரு குருவி போனா இன்னொரு குருவி வருது."

"இன்னொண்ணு இல்லைங்க. அதே குருவிதான் வருஷா வருஷம் அதே எடத்துக்கு வருது."

"அதேதான்னு எப்படீங்க கண்டுபுடிப்பீங்க? எல்லாம் ஒரே சட்டையத்தான போட்டிருக்குது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். "கோவிச்சுக்காதீங்க. அதே குருவிதான்னு ரெக்கார்டுல காட்டுங்க. அப்பறம் அது வந்துட்டுப் போற விருந்தாளி இல்ல, நம்ம ஊட்டு ஆளு. ஊட்டு ஆள வெளிய போன்னு சொல்ற பழக்கம் எங்க குடும்பத்துல இல்லீங்க. ஆனா அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள காட்டோணும். திங்கக்கெழமை ஜேசிபி வருது."

அந்த வாரம் முழுக்க விடியலில் வலை கட்டினேன். கழிகளையும் துணிப்பைகளையும் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தது செம்மநத்தத்து அக்கா. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். எனக்கு ஆள் தேவைப்படும்போது எஸ்டேட்காரர் அவரை அனுப்பிவைப்பார். வலையில் வேண்டாததெல்லாம் விழுந்தது. கொண்டைக்குருவிகள் என் விரலைக் கடித்தன. தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து சிக்கி, கும்பலாக என்னைத் திட்டின. சமதரைக்குள்ளிருந்து எங்கள் ஆள் மட்டும் காலையும் மாலையும் விசிலடித்துக் கேலி செய்துகொண்டிருந்தது. ஒரு நாள் மூடுபனி, ஒரு நாள் தூறல். இரண்டு நாளும் வலையைச் சுருட்டி வைக்க வேண்டியதாயிற்று. பயந்துபோயிருந்தேன் என்பதுதான் உண்மை. ஜேசிபியின் முன்னால் போய்ப் படுத்துக்கொள்ளும் வயதெல்லாம் தாண்டிவிட்டது.

ஞாயிறு விடியலில், அத்திமரத்தடி வலையின் கடைசி அடுக்கில் ஏதோ பச்சையாக ஆடியது. அக்கா எனக்கு முன்னால் ஓடினார்.

"டீச்சரு! அதேதானுங்க! காலப் பாருங்க, காலப் பாருங்க!"

காலில் வளையம் இருந்தது. சிக்கிய நூலை ஒவ்வொன்றாக விலக்கினேன். பிறகு பறவையை எடுத்தேன். அக்கா டார்ச் பிடிக்க, எண்ணைப் படித்தேன், திரும்பப் படித்தேன், படம் எடுத்தேன். டாக்டர் காகிதத்தில் மடித்துக் கொடுத்த அதே வளையம். எத்தனை ஆற்றையும் மலையையும் தாண்டிப் போய், எங்கேயோ குடும்பம் நடத்தி, மறுபடியும் இந்த ஓர் அத்திமரத்தைத் தேடிக் கண்டுபிடித்து வந்திருக்கிறது! எனக்கு அழுகை வந்துவிட்டது. கையைத் திறந்தேன். அது பறக்கக்கூட இல்லை. கீழே குதித்து, சருகைத் தள்ளிக்கொண்டு நடந்தே போயிற்று.

எஸ்டேட்டில் பம்ப்செட் மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். எஸ்டேட்காரர் வந்ததும் அவரை அங்கே அழைத்துப்போய், அவர் கண் முன்னாலேயே போனில் மென்பொருளைத் திறந்து எண்ணை அடித்தேன். கல்யாணப் பெண்ணைக் கூட்டி வருவதுபோல எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. திரையில் வந்தது இது: இந்த வளையம் உங்கள் அனுமதிக்கு உரியதல்ல. நிலை: அழிந்தது.

எஸ்டேட்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "மேடம், இது அழிஞ்சுபோன வளையம்னு சொல்லுதுங்களே?"

"அழிஞ்ச வளையத்தப் போட்டுக்கிட்டு ஆவியா நடந்து போச்சு?" என்றார் அக்கா.

நான் முதலில் வளையம் போட்ட பதிவு மென்பொருளில் இல்லை. ஏற்றப் பார்த்தபோது, உன் சரத்து எண் இல்லை என்று அது ஏற்க மறுத்துவிட்டது. நானும் போடா என்று என் சொந்தக் கோப்பிலேயே வைத்துக்கொண்டேன். அந்தக் கோப்பைத் திறந்து காட்டினேன். எஸ்டேட்காரர் தர்மசங்கடமாக நெளிந்தார். "இது நீங்களே அடிச்சு வெச்சதுங்களே. நான் உங்கள நம்பறேன் மேடம். ஆனா உங்க கம்ப்யூட்டரே உங்கள நம்பலையே?"

டாக்டருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. அன்றைக்கென்று பார்த்துப் பிரசங்கம் நீண்டிருக்கிறது. நான் மேட்டிலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எஸ்டேட்காரர் பொறுமையாக இரண்டு முறை டீ வரவழைத்தார். கடைசியில் டாக்டரே கூப்பிட்டார்.

"வணக்கம் மேடம், இப்பத்தான் கோயில்ல இருந்து வெளிய வர்றேன். இத்தன மிஸ்டு கால் இருக்குது. ஆருக்காச்சும் பல்வலிங்களா?"

"உங்க வளையம் ஒண்ண அழிஞ்சதுன்னு போட்டு வெச்சிருக்கீங்க டாக்டர். அது இப்பத்தான் என் கையில இருந்து எறங்கி நடந்து போகுது."

அவருக்குப் பின்னால் கோயில் மணி அடித்தது. "அய்யய்யோ. சாப்ட்வேர் வந்தப்ப ஒரு வளையம் கொறஞ்சுதுங்க. எங்க போச்சுன்னு ஞாபகம் வரல. வெறுமனே உட்டா அது அடுத்த பக்கம் போகமாட்டேங்குது. பறவைக்குப் போட்டதா, கையில இருக்குதா, அழிஞ்சுதான்னு மூணே மூணுதான் கேக்குது. பக்கத்து ஊட்டுக்குக் குடுத்ததுன்னு ஒண்ணு அதுல இல்லீங்களே!"

சிரிப்பு வந்தது, ஆனால் ஜேசிபி ஞாபகமும் வந்தது. "சரி, இப்ப மாத்துங்க. நாளைக்கு இந்த எடத்த வெட்டப் போறாங்க."

"மாத்தலாங்க. அந்த வளையத்த உங்க பேருக்கு மாத்தி உட்டாப் போதும். ஆனா சேந்து வேலை செய்யறவங்களுக்குத்தான் மாத்த முடியும். அதுக்கு நான் அனுப்பின அழைப்ப நீங்க ஏத்துக்கோணும்."

அதற்குத்தான் காத்திருந்ததுபோல என் வாய் திறந்துகொண்டது. "உங்களுக்கு உதவியாளரா டாக்டர்? ரெண்டு வருஷமா இத மனசுல வெச்சுக்கிட்டுத்தான் உங்க மோரக் குடிச்சுட்டு வர்றேன். ஏன், நான் அனுப்பினத நீங்க ஏத்துக்கிட்டா என்ன?"

"நானும் ரெண்டு வருஷமாத்தான் மேடம் உங்க காப்பியக் குடிச்சுட்டு வர்றேன்" என்றார். அவர் குரல் அப்படிச் சூடாகி நான் கேட்டதே இல்லை. "நீங்க அனுப்பினதுல என்ன இருக்குதுன்னு படிக்கறேன், கேட்டுக்கங்க. தன்னுடைய அனுமதியின் கீழ் உதவியாளராகச் சேர..."

நான் பம்ப்செட் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். அழைப்பு அனுப்பும் பக்கத்தில், எந்தப் பொறுப்புக்கு அழைக்கிறாய் என்று ஒரு வரிசை இருக்கும். நாமாகக் கீழே இறக்கிப் பார்த்து மாற்றாவிட்டால் முதலில் நிற்பதையே அது அனுப்பிவிடும். முதலில் நிற்பது உதவியாளர். அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஒரு பறவையின் இறக்கையை மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கிறவர்கள் நாங்கள் இருவரும்! பதில் சொல்ல வாயெடுத்தபோது சிக்னல் போய்விட்டது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க டீச்சரு, பத்திரிகையில ஆரு பேரு மொதல்லன்னு சம்பந்திங்க அடிச்சுக்கிட்ட மாதிரி இருக்குது. நாளைக்கு மாப்பிள்ள நிக்கறதுக்கு எடம் இருக்காதுங்க!"

அந்தச் சொல் என்னைக் கிள்ளியது. சருகைத் தள்ளிக்கொண்டு போன அந்தக் குட்டை வாலை நினைத்தேன். என் கௌரவத்துக்கு அந்த வால் அளவுகூட நீளம் இல்லை என்று தோன்றியது. சிக்னல் ஒரு கோடு திரும்பியதும், டாக்டரின் பழைய அழைப்பைத் தேடியெடுத்து 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினேன். வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் விரலை எடுக்கும் முன்பே போன் டிங் என்றது. திரையில் செய்தி: உங்கள் அழைப்பை டாக்டர் ஏற்றுக்கொண்டார். கோயில் வாசலில் நின்றபடி அவரும் அதே நேரத்தில் அழுத்தியிருக்கிறார்.

ஆக, நான் அவருக்கு உதவியாளர், அவர் எனக்கு உதவியாளர். மென்பொருள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. அந்த வரிசையில் இன்னும் கீழே போனால் சரிசமமான கூட்டாளி என்று ஒன்று இருப்பதை டாக்டர் பிற்பாடு கண்டுபிடித்துச் சொன்னார். மாற்றிவிடலாமா என்று கேட்டார். இருக்கட்டும் விடுங்கள் என்றேன். இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அவர் வீட்டு மோர் இப்போது இன்னும் நன்றாக இருக்கிறது.

அன்று சற்று நேரத்தில் வளையம் என் பெயருக்கு வந்தது. 'அழிந்தது' என்ற சொல் மறைந்துபோனதை நானே பார்த்தேன். பழைய பதிவை ஏற்றினேன், இம்முறை மறுப்பில்லை. அன்று காலைப் பதிவையும் ஏற்றினேன். எஸ்டேட்டில் நான் வலை கட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் வரைபடத்தில் தனித்தனிப் புள்ளி உண்டு. ஒரு பறவையின் எண்ணைத் தட்டினால், அது பிடிபட்ட இடங்களின் புள்ளிகள் மட்டும் சிவப்பாகத் தெரியும். தட்டி, போனை எஸ்டேட்காரர் கையில் கொடுத்தேன்.

அவர் வெயிலுக்குக் கையை மறைத்துக்கொண்டு பார்த்தார். "ரெண்டு தடவை புடிச்சதா எழுதியிருக்குது. ஆனா ஒரு புள்ளிதானுங்க இருக்குது? இன்னொண்ணு எங்க?"

"அதுக்கு அடியில இருக்குதுங்க தம்பி."

நம்பாமல் இரண்டு விரலால் திரையை விரித்தார். மலை பெரிதாகி எஸ்டேட் வந்தது. இன்னும் விரித்தார். ஓடை வந்தது. இன்னும் விரித்தார். அத்திமரம் நிற்கும் இடத்தில் அந்தப் புள்ளி ஒன்றாகவே நின்றது. அதற்கு மேல் படம் விரியவில்லை. அவர் திரும்பிச் சமதரையின் பக்கம் பார்த்தார். பிறகு என் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் போனை எடுத்து, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஜேசிபி ஓடப் பக்கம் போக வேண்டாமுங்க. களத்த ஆபீசுக்குப் பின்னால போட்டுக்கலாம்." ரைட்டர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். எஸ்டேட்காரர் என்னைப் பார்த்தபடி பதில் சொன்னார். "இல்லீங்க, அங்க நம்ம ஊட்டு ஆளு குடியிருக்குது."